பார்வைக்கு ஒரு விலை: இடுக்கி ஏலக்காய் தோட்டத்திலிருந்து டப்பாவுக்குப் போகும் வழி

2023 ஜனவரியில், மகரவிளக்குக்குச் சில நாட்களே இருந்தபோது, சபரிமலையில் பிரசாதமான அரவணைப் பாயசத்தின் விற்பனை நின்றது. பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் அனுமதித்த அளவுக்கு மேல் 14 வகைப் பூச்சிமருந்துகளின் எச்சம் இருப்பதாக ஆய்வறிக்கை வந்திருந்தது. விற்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடைத்து வைத்திருந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் சன்னிதானத்திலேயே முடங்கின. வழக்குப் போட்டது, ஏலக்காய் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைக்காமல் போன ஒரு வியாபார நிறுவனம். அது தனிக் கதை. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் டின்களை யாரும் சாப்பிட முடியாத அளவுக்குக் காலம் கடந்துவிட்டது.

சட்டம் சரியா தவறா என்பது இங்கே பேச்சில்லை. சரக்கு வரும் வழியைப் பார்க்கிறவர்களுக்கு இதில் வேறொரு கேள்வி இருக்கிறது. அந்த ஏலக்காய் எந்தத் தோட்டத்துக் காய்? மருந்து அடித்தவர் யார், எப்போது அடித்தார், அடித்த எத்தனையாவது நாளில் காய் எடுத்தார்? இதற்குப் பதில் சொல்ல இந்த வணிகத்தில் ஆளே கிடையாது. யாரும் மறைக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. காய் செடியை விட்டு இறங்கியதும் முதலில் தொலைவது அதன் முகவரிதான்.

இவ்வளவுக்கும் ஏலக்காய் ஒன்றும் ஒழுங்கில்லாத சந்தை கிடையாது. மிளகுக்கும் சுக்குக்கும் இல்லாத அளவுக்குக் கட்டுப்பாடு இதற்கு உண்டு. உரிமம் வாங்கியவர்தான் ஏலம் நடத்தலாம், உரிமம் உள்ளவர்தான் வாங்கலாம். விலை கணினித் திரையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஓடுகிறது. அன்றைய சராசரி விலை மாலைக்குள் மலை முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். இத்தனை இருந்தும் ஏன் இந்த ஓட்டை என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம்.

மலை ஒரு மாநிலம், சந்தை ஒரு மாநிலம்

இந்தியாவில் விளையும் சிற்றேலக்காயில் பெரும்பகுதி இடுக்கி மாவட்டத்து ஏலமலைக் காடுகளில் விளைகிறது. வண்டன்மேடு, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், சாந்தன்பாறை, கட்டப்பனை என்று கடல் மட்டத்திலிருந்து 600 முதல் 1,200 மீட்டர் உயரத்தில், மர நிழலில் வளரும் பயிர். மலைக்குக் கீழே தமிழ்நாட்டின் தேனி மாவட்டம். போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் போடிநாயக்கனூர். காய் விளைவது கேரளத்தில். எடுக்கப் போகிற கைகளில் பெரும்பங்கு நெடுங்காலமாகத் தமிழ்நாட்டுக் கைகள். வாங்கி, தரம் பிரித்து, வெளியூருக்கு அனுப்புகிறவர்களில் பலர் போடிக்காரர்கள்.

விடியும் முன்பே கம்பம், தேவாரம், போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி ஆகிய மூன்று பாதைகள்தான் இந்தப் பயிரின் உயிர்நாடி. மழையில் பாறை சரிந்து ஒரு பாதை அடைபட்டால் அன்றைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எடுப்பு இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தில் எல்லையில் கொந்தளிப்பு வந்தபோது போக்குவரத்தே நின்றது. சரியான அறுவடைப் பருவம். ஆள் மேலே போக முடியவில்லை, சரக்கு கீழே வர முடியவில்லை. இப்போது ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்து தோட்டத்திலேயே தங்கும் தொழிலாளர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த அனுபவமும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அறுவடை என்று ஒருநாள், ஒரு வாரம் என்றெல்லாம் இந்தப் பயிரில் கிடையாது. ஆடி வாக்கில் தொடங்கினால் மாசி வரை போகும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றிய காயும் இருக்கும். அதனால் ஒரு சுற்று எடுத்துவிட்டு, மாதம் ஒன்றரை மாதம் கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். எடுக்க வேண்டியது கரிங்காய், அதாவது உள்ளே விதை கறுத்து, தோல் இன்னும் பச்சையாக இருக்கும் பருவம். அதற்கு முன்னால் எடுத்தால் உலர்ந்ததும் சுருங்கிவிடும், எடையும் போகும். தாண்டிவிட்டால் மஞ்சளடித்து வெடிக்கும். தூரடியில் குனிந்து விரலால் தடவி, எதை விடுவது எதைக் கிள்ளுவது என்று முடிவு செய்வது காய் எடுக்கும் பெண்கள்தான். தரம் என்பது முதலில் அங்கே தீர்மானமாகிறது. ஆனால் கூலி பெரும்பாலும் நாள் கணக்கு, அல்லது எடைக் கணக்கு. நல்ல காயாக மட்டும் எடுத்ததற்கென்று தனியாக ஏதும் கிடையாது.

விளைச்சல் பக்கம் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் 1980களில் தன் தோட்டத்தில் கண்டெடுத்த ஞள்ளானி ரகம் இந்த மலையையே மாற்றிப்போட்டது. ஆராய்ச்சி நிலையங்கள் கொடுத்த ரகங்களைத் தாண்டி மலை முழுக்கப் பரவியது. காய் பெரிது, விளைச்சல் பல மடங்கு. கூடவே உரமும் கூடியது, தண்ணீரும் கூடியது, மருந்தும் கூடியது.

ஸ்டோர்

தோட்டத்துக்காரர்கள் ஸ்டோர் என்று சொல்வது காய் உலர்த்தும் கட்டடத்தை. பச்சைக்காயில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். நூறு கிலோ உள்ளே போனால் இருபது கிலோ சுமாருக்கு வெளியே வரும். எடுத்த அன்றே அல்லது மறுநாள் ஏற்றியாக வேண்டும், வைத்திருந்தால் நிறம் போகும்.

கம்பி வலைத் தட்டுகளில் காயைப் பரப்பி, அடியில் சூளை மூட்டி, குழாய் வழியே சூட்டை மட்டும் உள்ளே விடுவார்கள். புகை காயைத் தொடக் கூடாது. 18 மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஆகும். முதல் சில மணி நேரம் மேல் ஜன்னல்களைத் திறந்து வைத்து ஆவியை வெளியே விட வேண்டும். அதை மறந்தால் காய் தன் வேர்வையிலேயே வெந்து பழுப்பாகிவிடும். சூடு 50 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும், ரொம்ப ஏறினால் தோல் வெளிறும், வாய் பிளக்கும். ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருந்து விறகு தள்ளுவார். ஒரு கைப்பிடி எடுத்துக் குலுக்கிக் காதருகே வைத்துக் கேட்பார். விதை தளர்ந்து கலகலக்கும் சத்தம் வந்தால் முடியப்போகிறது என்று அர்த்தம். இறக்கியதும் சூடு ஆறுவதற்குள் வலையில் போட்டுத் தேய்த்தால் காம்பும் வாலும் உதிர்ந்துவிடும். அப்புறம் கறுப்பு பாலித்தீன் உறை போட்ட சாக்கு. வெளிச்சம் பட்டால் பச்சை மங்கும் என்பதால் கறுப்பு. ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சாக்குக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும்.

இவ்வளவு செலவும் காவலும் சின்ன விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் சொந்தமாக ஸ்டோர் கட்ட முடியாது. ஆகவே பச்சைக்காயாகவே விற்பார், அல்லது கூலி கொடுத்து வேறொருவர் ஸ்டோரில் உலர்த்துவார். பச்சைக்காயாக விற்றால் கதை அங்கேயே முடிகிறது. பத்துப் பேர் கொண்டுவந்த காய் ஒரே தட்டில் ஏறும். முகவரி தொலையும் முதல் இடம் இதுதான். ஒருவர் நேற்று மருந்து அடித்திருப்பார், இன்னொருவர் ஒரு மாதமாக அடித்திருக்க மாட்டார். தட்டுக்கு அது தெரியாது.

நிறத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உலர்த்துவதற்கு முன் சலவைச் சோடாக் கரைசலில் சில நிமிடம் ஊறவைத்தால் பச்சை நிற்கும். இது பழைய பழக்கம், பயிர்க் கையேடுகளில்கூட இருந்தது. அதோடு நின்றிருந்தால் சரி. சிலர் செயற்கைப் பச்சைச் சாயத்தையே ஏற்றத் தொடங்கினார்கள். சாயம் ஏற்றிய சரக்கை ஏலத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு எச்சரித்து, மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும் நிலை வந்தது. வாசத்துக்குச் சாயத்தால் ஒரு பயனும் இல்லை. அப்படியிருந்தும் ஏன் ஏற்றுகிறார்கள்? ஏல மையத்துக்குள் போனால் விடை தெரியும்.

ஒரு தட்டு, ஒரு நிமிடம்

1987இல் செயல்பாட்டுக்கு வந்த ஸ்பைசஸ் போர்டு, ஏலக்காய் வணிகத்துக்கென்று தனி உரிம விதிகளை வைத்திருக்கிறது. முன்பு வாய்விட்டுக் கேட்கும் ஏலம் இருந்தது. 2007 முதல் மின்-ஏலம். இப்போது இரண்டு மையங்கள், கேரளத்தில் புத்தடி ஸ்பைசஸ் பார்க், தமிழ்நாட்டில் போடிநாயக்கனூர். ஏலம் நடத்துவது போர்டு அல்ல, உரிமம் பெற்ற கம்பெனிகளும் விவசாயிகளின் சங்கங்களும். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு இன்னொருவர் என்று முறை வைத்து நடத்துகிறார்கள்.

விவசாயி மூட்டையைக் கொண்டுபோய் ஏல நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். எடை போட்டு, மாதிரி எடுத்து, லாட் எண் கொடுக்கிறார்கள். ஏலம் நடக்கும்போது ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் சின்னத் தட்டில் வியாபாரிகளின் மேசை வழியாக நகர்ந்து போகும். வியாபாரி ஒரு கையால் நாலு காயை அள்ளுகிறார். உருட்டுகிறார். ஒன்றை நகத்தால் பிளந்து விதையின் கறுப்பைப் பார்க்கிறார், மூக்கருகே கொண்டுபோகிறார். இன்னொரு கை விசைப்பலகையில் இருக்கும். எதிரே திரையில் விலை ஏறிக்கொண்டே போகும். ஒரு நிமிடம்கூட இருக்காது, அடுத்த தட்டு வந்துவிடும்.

அந்த ஒரு நிமிடத்தில் ஒரு மனிதனால் எதைக் கணிக்க முடியும்? அளவு, நிறம், கனம், காய்ச்சல் பதம், கொஞ்சம் வாசம். பெரிய காய் எட்டு எம்.எம்., அடுத்தது ஏழு, ஆறு. லிட்டர் படியில் அளந்தால் எத்தனை கிராம் நிற்கிறது என்பது இன்னொரு அளவுகோல். ஆலப்பி கிரீன் என்ற பெயரில் போகும் காய்க்கு அக்மார்க் வகுத்த தரமும் இதே வழிதான். முதல் தரத்துக்குக் குறைந்தது 7 எம்.எம்., லிட்டருக்கு 435 கிராம். அடுத்ததற்கு 6 எம்.எம்., 415 கிராம். எல்லாம் கண்ணாலும் தராசாலும் பிடிபடுபவை. பூச்சிமருந்து எச்சம் கண்ணிலும் படாது, மூக்கிலும் படாது. தட்டில் தெரியாத ஒன்றுக்குத் தட்டைப் பார்த்துப் போடும் விலையில் இடமில்லை. விலையில் இடமில்லாத ஒன்றுக்குத் தோட்டத்தில் யார் செலவு செய்வார்?

ஏல முறையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விலையைக் கண்டுபிடிக்கிற வேலையை அது நன்றாகவே செய்கிறது. அரசாங்கத்தின் தராசும் திரையும் இல்லாத காலத்தில் மலைச்சரக்குக் கடைக்காரர் சொன்னதுதான் விலை. இன்று விவசாயி விலை பிடிக்கவில்லை என்றால் லாட்டைத் திரும்பப் பெறலாம். பணம் ஏல நிறுவனம் வழியே வருகிறது, வியாபாரி பணம் தராமல் ஓடிவிட்டால் என்னாகும் என்ற பயம் பெருமளவு குறைந்திருக்கிறது. ஆனால் பணம் கைக்கு வரச் சில வாரம் ஆகும். அவசரக்காரர் வெளியில் ரொக்கத்துக்கு விற்றுவிடுகிறார், கொஞ்சம் குறைத்து.

இன்னொரு பழைய புகார் மறு ஏலம். ஏலத்தில் வாங்கிய சரக்கையே வியாபாரி திரும்பவும் ஏலத்துக்குப் போடுவது. அன்றைய வரத்து அதிகம்போலத் தெரியும், விலை இறங்கும் என்பது விவசாயிகளின் வாதம். தரம் பிரித்த பிறகு தனக்கு வேண்டாததைத் திருப்பி விற்பதில் என்ன தப்பு என்பது வியாபாரிகளின் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. போர்டு அவ்வப்போது இதற்கு வரம்பு போட்டுப் பார்த்திருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இதில் விலையைவிடப் பெரிய சேதம் வேறு. மறு ஏலத்துக்கு வரும் மூட்டையில் எந்த ஊர்க் காய் இருக்கிறது என்பது அதைப் போட்டவருக்கே தெரியாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஏலம் அடியோடு நின்றது. மே மாதக் கடைசியில்தான் மறுபடி தொடங்கியது. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு, தனிமைப்படுத்தல் என்று போடி வியாபாரி புத்தடிக்குப் போவதே பெரும்பாடு. அதிலிருந்து பிறந்தது ஒரு நல்ல காரியம். 2021 ஜனவரியில் இரண்டு மையங்களையும் இணைத்து, ஒன்றில் நடக்கும் ஏலத்தில் மற்றதில் உட்கார்ந்தபடி கலந்துகொள்ளும் ஏற்பாடு வந்தது.

போடியில்

ஏலம் முடிந்த மூட்டை போடி கிட்டங்கிக்கு வந்ததும் பிரிக்கப்படுகிறது. சல்லடையில் அளவு பிரியும். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நிறத்தைப் பிரிப்பார்கள். நல்ல பச்சை ஒரு பக்கம், மங்கல் ஒரு பக்கம், வாய் பிளந்தது, சொறி பிடித்தது, சுருங்கியது தனித்தனியாக. தேனி மாவட்டத்தில் ஏராளமான குடும்பங்களின் அடுப்பு எரிவது இந்தப் பிரிப்பு வேலையில்தான். கடைசியில் நாற்பது ஐம்பது லாட்டுகளிலிருந்து வந்த எட்டு எம்.எம். பச்சைக்காய் எல்லாம் ஒரே குவியலாகிறது. வியாபாரத்துக்கு இது அவசியம். வாங்குகிறவர் ஐந்து டன்னும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கிறார், எந்த ஒரு தோட்டத்திலும் அப்படி ஐந்து டன் கிடைக்காது. முகவரி தொலையும் இரண்டாவது இடம் இது. இதற்குப் பிறகு தேட ஒன்றும் மிச்சமில்லை.

அங்கிருந்து ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு வழி. எட்டு எம்.எம். காய் வளைகுடாவுக்கும், தீபாவளிக்கு உலர்பழப் பெட்டி கட்டும் வடநாட்டுக் கடைகளுக்கும் போகும். நடுத்தரம் மளிகைக்கும் பிரியாணிக்கும். பிளந்த காயும் விதையும் மசாலா அரைப்பவர்களுக்கும், கான்பூர் பக்கத்துப் பான் மசாலாக்காரர்களுக்கும். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் கடைசிப் பிரிவுகளில் ஒன்று. விளைச்சலில் பெரும்பகுதியை இந்தியாவே தின்றுவிடுகிறது, ஏற்றுமதி சிறுபங்குதான்.

வாங்கிச் சமைக்கிறவரும் கண்ணைத்தான் நம்புகிறார். கடையில் கும்மென்று பச்சையாக இருப்பதை எடுப்போமா, வெளிறியதை எடுப்போமா? எண்ணெய் எடுத்த சக்கைக் காயைச் சாயமேற்றி நல்ல காயோடு கலந்து விற்கும் மோசடி நடப்பதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான். நிறம் மங்கினாலும் விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும் காயில்தான் சரக்கு இருக்கிறது.

7,000 ரூபாயும் அதற்குப் பின்னும்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் பல அழிந்தன. அழுகல் நோய் பரவியது. அடுத்த கோடையில் மழை பொய்த்தது. 2018-19இல் 13 ஆயிரம் டன்னுக்குச் சற்றுக் குறைவாக இருந்த நாட்டின் உற்பத்தி 2019-20இல் 11 ஆயிரம் டன் அளவுக்கு இறங்கியது. 2019 ஆகஸ்ட் 3ஆம் தேதி புத்தடி ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அது உச்ச விலை, எல்லாருக்கும் கிடைத்த விலை இல்லை என்றாலும் சராசரியும் அந்த நேரத்தில் பழைய கணக்கையெல்லாம் தாண்டி நின்றது. காய்த் திருட்டுக்குக் காவல் போட வேண்டியிருந்தது.

விலை ஏறினால் மலை என்ன செய்யும்? நடும். ரப்பரை வெட்டி, மிளகை ஒதுக்கி, கிடைத்த சரிவிலெல்லாம் ஏலச்செடி வைத்தார்கள். நட்டு இரண்டு மூன்று வருடத்தில் காய் வரும். அந்தப் புதுச்செடிகள் முழுதாகக் காய்க்கும் முன்பே, 2020-21இல் உற்பத்தி 22 ஆயிரம் டன்னைத் தாண்டியது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2022இல் சராசரி விலை கிலோ 1,000 ரூபாய்க்குக் கீழே கிடந்தது. பறிக்கிற கூலிக்கும் மருந்துக்கும் வரவு கட்டவில்லை என்று தோட்டங்களைக் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு. 2024 கோடை வெயில் செடிகளைக் கருக்கியது. விலை மறுபடி ஏறியது.

இந்த ஏற்ற இறக்கத்தில் இன்னொரு கை குவாத்தமாலா. 1914 வாக்கில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் அங்கே கொண்டுபோன பயிர் இன்று உலகச் சந்தையை நிரப்புகிறது. அந்த ஊரில் ஏலக்காய் பயன்படுத்துபவர் அதிகம் இல்லை, விளைவதெல்லாம் ஏற்றுமதிக்குத்தான். சவுதியில் காபியோடு சேர்ந்து கொதிப்பதில் பெரும்பங்கு குவாத்தமாலாக் காய். அங்கே மழை தவறினால் இங்கே வியாபாரிக்குக் கொண்டாட்டம், அங்கே விளைந்து தள்ளினால் நம் ஏற்றுமதி படுத்துவிடும். எட்டு எம்.எம். பச்சையில் நம் காய்க்கு எப்போதும் மதிப்பு அதிகம், விலையும் அதிகம். ஆனால் எச்சம் என்று வந்தபோது அந்த மதிப்பு காப்பாற்றவில்லை. சவுதி பரிசோதனையை இறுக்கியதும் நம் சரக்கு திருப்பி அனுப்பப்பட்டது. பரிசோதனைச் சான்று இல்லாமல் அனுப்ப முடியாத நிலை ஏற்பட்டது.

ஏன் இத்தனை மருந்து

இந்த வழியின் நடுமுடிச்சு இங்கே இருக்கிறது. ஏலக்காயின் முக்கிய எதிரிகளில் ஒன்று இலைப்பேன் என்னும் த்ரிப்ஸ். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு பூச்சி. பிஞ்சுக் காயின் தோலைச் சுரண்டும். காய் பெரிதாகும்போது அந்த இடம் சொறிப் பிடித்த மாதிரி தடித்துப் பழுப்பாகும். சமைக்கிறவருக்கு அது பெரிய குறையா? டீயில் தட்டிப் போட்டால் சொறி தெரியப் போவதில்லை. ஆனால் ஏலத் தட்டில் தெரியும். சொறிக் காய் கலந்த லாட்டுக்கு விலை விழும். ஆக விவசாயி மருந்து அடிப்பதில் ஒரு பகுதி விளைச்சலைக் காக்க, இன்னொரு பகுதி தோற்றத்தைக் காக்க. சாயத்துக்கும் மருந்துக்கும் மூலம் ஒன்றுதான்.

அடித்தபின் குறிப்பிட்ட நாள் பொறுத்துக் காய் எடுக்க வேண்டும் என்று மருந்துப் புட்டியில் எழுதியிருக்கும். நெல்லுக்கோ தக்காளிக்கோ ஓரளவு இது பொருந்தும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் கரிங்காயும் தொங்கும் பயிருக்கு எப்படிப் பொருத்துவது? பிஞ்சுக்காக அடிக்கும் மருந்து, பக்கத்தில் நாளை எடுக்கப்போகும் காயின் மேலும் படும். சுற்று முடிந்ததும் அடித்துவிட்டு அடுத்த சுற்று வரை பொறுத்தால் சமாளிக்கலாம். ஆனால் ஆள் கிடைக்கும் நாளில்தான் எடுப்பு, மழை விட்ட நாளில்தான் தெளிப்பு. இரண்டும் மோதிக்கொள்ளும். அப்புறம் இன்னொரு கணக்கு. பச்சைக்காயில் இருந்த எச்சம், ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுண்டும்போது சேர்ந்து செறிவாகிறது. சூட்டில் கொஞ்சம் அழியும், முழுக்க அழியாது.

மயிலாடும்பாறையில் இருக்கும் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் இருக்கும் கேரள வேளாண் பல்கலைக்கழக நிலையமும் தெளிப்பைக் குறைக்கும் வழிகளைச் சொல்லியே வருகின்றன. காய்ந்த தோகையைக் கழித்துக் கவாத்து செய்து காற்றோட்டம் விட்டாலே த்ரிப்ஸ் ஒளிய இடம் குறையும். நன்மை செய்யும் பூஞ்சைகளும் நூற்புழுக்களும் உண்டு. இதெல்லாம் வேலை செய்யும், மெதுவாக. காய் கொஞ்சம் சொறியோடு வரும். அந்தச் சொறிக்கு ஏலத்தில் வெட்டு விழுவதைப் பார்த்த விவசாயி மறு வருடம் மருந்துக் கடைக்குத்தான் போவார்.

என்ன செய்து பார்த்தார்கள்

பரிசோதித்துத் தேறிய சரக்குக்கு மட்டும் தனி மின்-ஏலம் என்று ஸ்பைசஸ் போர்டு நடத்திப் பார்த்தது. திசை சரி. எச்சத்துக்கு விலையில் ஓர் இடம் கொடுக்க நடந்த நேரடியான முயற்சி இதுதான். சிக்கல் இரண்டு. வழக்கமான ஏலத்துக்குச் சரக்கு வந்து ஓரிரு நாளில் விலை படிந்துவிடும், ஆய்வகத்திலிருந்து முடிவு வர அதைவிட நாளாகும். இன்னொன்று செலவு. பல மருந்துகளுக்குச் சேர்த்து ஒரு மாதிரியைச் சோதிக்க ஆயிரக்கணக்கில் ஆகும். பத்து மூட்டை கொண்டுவருபவருக்கு அது தாங்கும். இருபது கிலோ கொண்டுவருபவருக்கு லாபமே அதில் போய்விடும். அவரைத் தனியாக விட்டால் அவர் மறுபடி பச்சைக்காய்க் கடைக்குத்தான் போவார், கலப்பும் பழையபடி தொடரும்.

ஆகவே சோதனையை ஏல மையத்தில் வைப்பதைவிட ஸ்டோரில் வைப்பது உசிதம் என்று எனக்குப் படுகிறது. ஒரு ஸ்டோர் என்பது இருபது முப்பது சின்னத் தோட்டங்களின் கூடு. அந்த முப்பது பேரும் எந்த மருந்து, எந்த வாரம் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, அதன்படி எடுத்த காயை மட்டும் ஒரே சூட்டில், அதாவது ஒரே தடவை உலர்த்தலில், ஏற்றினால், ஒரு சூட்டுக்கு ஒரு மாதிரி போதும். செலவு முப்பதாகப் பிரியும். மூட்டையில் ஸ்டோர் எண்ணும் சூட்டுத் தேதியும் இருந்தால் தோட்டம் வரை போகாவிட்டாலும் முப்பது தோட்டம் வரை போகலாம். இன்று இருக்கும் நிலைக்கு அதுவே பெரிய விஷயம்.

இதை யார் கேட்டு வாங்குவார்கள்? டன் கணக்கில் வாங்கும் கோயில்கள், பிஸ்கட் கம்பெனிகள், மசாலாக்காரர்கள் கேட்கலாம். இவர்களுக்கு எட்டு எம்.எம். அழகு எதற்கு? அரைத்தோ பொடித்தோ போடப் போகிறவர்களுக்குச் சொறி ஒரு பொருட்டே இல்லை. தோற்றம் சுமார், எச்சம் இல்லை என்ற காய்க்கு இயல்பான வாடிக்கையாளர்கள் இவர்கள்தான். டெண்டரில் அளவையும் நிறத்தையும் தளர்த்தி, எச்சத்தை இறுக்கி, பருவம் தொடங்கும் முன்பே சில ஸ்டோர்களோடு பேசிவைத்தால் நடக்கக்கூடிய காரியம். இப்போது டெண்டர் வெளியாவதும் சரக்கு தேடுவதும் கடைசி நேரத்தில். அப்போது கையில் இருப்பது போடியில் குவித்து வைத்த கலப்புக் காய் மட்டுமே.

முன்கூட்டிப் பேசினால் மட்டும் போதாது, முன்பணமும் வேண்டும். வரவு இல்லாத பஞ்ச மாதங்களில் உரத்துக்கும் கூலிக்கும் சின்ன விவசாயி கை நீட்டுவது பச்சைக்காய் வாங்குபவரிடமும் மருந்துக் கடைக்காரரிடமும்தான். ஏலமலை நிலத்தில் பட்டாச் சிக்கல் இருப்பதால் வங்கியில் எல்லாருக்கும் சுலபமாகக் கடன் கிடைப்பதில்லை. வாங்கிய கடனுக்குக் காய் அந்தக் கடைக்கே போயாக வேண்டும். அவர் நோட்டில் எழுதினாலும் எழுதாவிட்டாலும், கூடுதல் விலை எங்கே கிடைத்தாலும், மூட்டையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஸ்டோருக்குப் போகும் சுதந்திரம் அவரிடம் இல்லை. டெண்டர் போடுகிறவர்கள் அந்த முன்பணத்தை ஆனி மாதத்திலேயே ஸ்டோர் வழியாக இறக்கத் தயாராக இருக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.